கப்பலில் சிக்னல் இல்லை

"வியாழக்கிழமை. ஏழு முதல் ஒன்பது வரை காலையுணவு. ஒன்பதரைக்குப் பேருந்து புறப்படும். பத்தரைக்குத் திராட்சைத் தோட்டத்தில் வைன் சுவைத்தல், வசதியான காலணி அணியவும். ஒரு மணிக்குக் கப்பலில் மதிய உணவு: அத்திப்பழத்துடன் வாத்து. மாலையில் கப்டனின் விருந்து."

ரோன் நதியில் ஓடிய ஒரு கப்பலில், ஒவ்வொரு இரவும் அறைக் கதவின் கீழால் தள்ளிவிடப்பட்ட நிகழ்ச்சித்தாள்களில் ஒன்று இது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அச்சடித்திருந்தார்கள். தமிழாக்கம் என்னுடையது. திகதி போட்ட எந்தக் காகிதத்தையும் எறியாத பழக்கம் எனக்கு உண்டு. எனவே பயணத்தின் எல்லாத் தாள்களும் கோப்பில் இருக்கின்றன.

சென்ற ஒக்டோபரின் அதே வியாழக்கிழமைக்கு இன்னொரு நிகழ்ச்சிநிரலும் இருந்தது. அது பொதுவில் வெளியாகி, நான் வாசிக்கும்போது பழையதாகிவிட்டிருந்தது.

"இறுதிக்கிரியைகள் வியாழக்கிழமை அன்னாரது இல்லத்தில் நடைபெற்று, பிற்பகல் இரண்டு மணியளவில் பூதவுடல் தகனக்கிரியைக்காக எடுத்துச் செல்லப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

யாழ்ப்பாணத்தில் பிற்பகல் இரண்டு மணி என்றால், அந்த மாதத்தில் பிரான்ஸில் காலை பத்தரை. என் அக்காவை வீட்டிலிருந்து தூக்கியபோது நான் ஒரு தோட்டத்து நிலவறையில் வைன் கிண்ணத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த வைனில் கல்லின் வாசனை தெரிகிறதா என்று ஒரு பெண் எங்களைக் கேட்டாள். தெரிகிறது என்று தலையாட்டினேன்.

உற்றார் உறவினர் அனைவரும் அறிவித்தலை ஏற்றுக்கொண்டார்கள். சூரிச்சில் ஏற்றுக்கொண்டார்கள், ஆராவில் ஏற்றுக்கொண்டார்கள், கனடாவில் ஏற்றுக்கொண்டார்கள். சகோதரர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. பக்கத்தில் சுவிஸ் என்று நாடும் இருக்கிறது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அந்தப் பெயருக்குரிய ஆளிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நான் சோலோதுர்னில் வசிக்கிறேன். ஒரு ஹோட்டல் சமையலறையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, அந்தக் கோடையில்தான் ஓய்வுபெற்றிருந்தேன். சம்பளமில்லாத வேலை ஒன்றும் எனக்கு உண்டு. எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வீட்டில் ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று சொல்லுவோம். அதில் வரும் வாழ்க்கை வரலாற்றைப் பலருக்கும் நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கே பிறந்தார், எங்கே படித்தார், எந்த வருடம் புலம்பெயர்ந்தார் என்று பிள்ளைகளைக் கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்லுவார்கள். நான் பழைய பாஸ்போட், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பேன். காலைத் தேநீரோடு இணையத்தில் மரண அறிவித்தல்களை வாசிப்பது அந்த வேலையின் பகுதி. மற்ற நேரத்தில் கைக்கு அகப்படும் வரலாற்று நூல்கள் எல்லாம் படிப்பேன்.

எங்கள் குடும்பத்துக்கும் ஒரு வரலாறு எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அக்கா. யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர், கணவர் இல்லை, மகளோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் தொலைபேசி எடுப்பேன். அரைவாசி நேரம் சண்டைதான்.

"அக்கா, சின்னம்மாவின்ர கலியாணம் நடந்தது புயலுக்கு முன்னம்."

"டேய், உனக்கு அப்ப மூக்கால வழிஞ்சுகொண்டிருந்தது. நீ எனக்குத் திகதி சொல்லுறியோ? புயலடிச்சு விழுந்த மரத்திலதான் பந்தலுக்குக் கால் வெட்டினது."

இப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கப்பலேறுவதற்கு முந்திய ஞாயிறு, என் வரலாற்றின் முதல் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நான் நாட்டைவிட்டுப் புறப்பட்ட நாளோடுதான் அது தொடங்குகிறது. "விடியுமுன் அம்மா பஸ்ஸடிக்கு வந்து, மதிலோரம் நின்று கையசைத்தார்" என்பது இரண்டாவது வாக்கியம். அதன் பிறகு நான் அம்மாவைக் காணவில்லை. என் அகதி விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்த காலத்தில் அவர் இறந்துபோனார். எனவே மதிலோரம் அசைந்த அந்தக் கைதான் என்னிடம் இருக்கும் கடைசி அம்மா.

அக்கா அந்த வாக்கியத்தை இன்னொருதரம் வாசிக்க வைத்தார். பிறகு சொன்னார்.

"அது அம்மா இல்லையடா."

"என்ன சொல்லுறீங்கள்? நான் என்ர கண்ணால கண்டது."

"கண்டனி. இருட்டுக்குள்ள, ஓடுற பஸ்ஸின்ர ஜன்னலுக்குள்ளால கண்டனி. நீ கண்டது அம்மாவை இல்லை."

"அப்ப ஆர்?"

"அது பெரிய கதை. இப்ப காஸ்காரன் வந்து கேற்றடியில கத்துறான். வாற ஞாயிறு எடு, ஆறுதலாச் சொல்லுறன். நீ எழுதினதை வெட்டிப்போடாதை. பென்சிலால ஒரு கோடு போட்டு வை."

"அக்கா, இப்பவே சொல்லுங்கோ."

"இவ்வளவு வருசமும் தெரியாமல் உனக்குச் சோறு இறங்கினதுதானே? ஒரு கிழமை பொறு."

பொறுத்தேன். பென்சிலால் கோடும் போட்டேன். அது இன்னும் இருக்கிறது.

கப்பல் பயணம் மகள் தந்த ஓய்வுப் பரிசு. அவள் இங்கே பிறந்தவள், ஆராவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. லியோனில் ஏறி, தெற்கே அவினியோன் வரை, வைன் விளையும் ஊர் ஊராக நிறுத்தி, சாப்பிட்டுக் குடித்துக்கொண்டு போகும் பயணம். அவளோடு வேலை செய்யும் சுவிஸ்காரர்களின் பெற்றோர்கள் ஓய்வுபெற்றதும் செய்வது இதுதானாம்.

"எனக்கேன் மோனை வைன்? நான் கழுவின கிளாஸ் போதாதோ?"

"அதுதானே அப்பா, இவ்வளவு காலமும் கழுவினீங்கள். ஒருக்கால் மற்றவை உங்கட கிளாஸைக் கழுவட்டும்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது, ஒப்புக்கொள்கிறேன். அதைவிட, வியெனில் உரோமர் கட்டிய கோயிலும் அவினியோனில் பாப்பரசர்களின் மாளிகையும் என்னை இழுத்தன. அவள் ஒரு நிபந்தனை போட்டாள். பயணம் முடியும்வரை மரண அறிவித்தல் பக்கத்தைத் திறக்கக்கூடாது. "ஃபெரியன் எண்டால் ஃபெரியன், அப்பா. லீவெண்டால் லீவு. செத்தவைக்கும் ஒரு கிழமை லீவு குடுங்கோ." சிரித்துக்கொண்டு சம்மதித்தேன். அவள் அப்போது வேடிக்கையாகத்தான் கேட்டாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வேடிக்கை பிறகு அவர்களுக்கு நல்ல வசதியாகிவிட்டது.

சனிக்கிழமை கப்பலேறினோம், நானும் மனைவியும். ஞாயிறு காலை போஜொலே மலைச்சரிவுகளுக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பியதும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மருமகள், அதாவது அக்காவின் மகள், எடுத்தாள்.

"அம்மா கோயிலுக்குப் போட்டா மாமா. வர நேரமாகும். நீங்கள் கப்பல்ல சந்தோசமா இருங்கோ, பிறகு கதைக்கலாம்."

அவள் குரலுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ ஒரு எண்ணைக் கூப்பிட்டார்கள். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எண் கூப்பிடுகிறார்களாக்கும் என்று நினைத்தேன். எந்தக் கோயிலில் எண் கூப்பிடுகிறார்கள்? நான் கேட்கவில்லை. அது ஆசுப்பத்திரி.

திங்கள் வியென். உரோமர் கோயிலின் தூண்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். செவ்வாய் துர்னோன். செங்குத்தான மலையில் படிபடியாகத் திராட்சை. எங்கள் சாப்பாட்டு மேசையில் நொஷாட்டலிலிருந்து வந்த ஒரு சுவிஸ் தம்பதி இருந்தார்கள். அவர்கள் தங்கள் ஏரிக்கரை வைனைப் பற்றிப் பெருமை பேச, பரிமாறும் பிரெஞ்சுப் பையன் உதட்டைப் பிதுக்க, மேசை முழுவதும் சிரிப்பு. என் மனைவியும் சிரித்தார். அவருக்கு அப்போதே அக்கா ஆசுப்பத்திரியில் இருப்பது தெரியும்.

புதன் காலை நான் எழும்பும்போது மனைவி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஜன்னலடியில் இருந்தார். கப்பலின் குளியலறை ஒரு அலுமாரியளவு. அதற்குள் நின்று விடிய முன்னம் ஏன் தலை முழுகினார் என்று யோசித்திருக்கலாம். ஷாம்பு நல்ல வாசம் என்று சொன்னேன். அன்று மதியம் மீன் வந்தபோது அவர் தட்டில் மரக்கறி மட்டும் இருந்தது.

"என்ன, மீன் எடுக்கேல்லையோ?"

"வயித்துக்குள்ள சரியில்லை. மரக்கறி தரச் சொல்லியிருக்கிறன். நீங்கள் சாப்பிடுங்கோ."

"வைன்?"

"நீங்கள் குடியுங்கோ."

இரவும் மரக்கறி. வியாழன் மதியம் வாத்து வந்தபோதும் மரக்கறி. நிகழ்ச்சித்தாளின் ஓரத்தில் நான் என் கையால் எழுதியிருக்கிறேன்: "இவவுக்கு வயிறு இன்னும் சரியில்லை. வாத்து மிக நன்று." என் குறிப்புகளில் இவ்வளவு பிழையான தகவல் வேறொன்றிலும் இல்லை.

விளங்குகிறதா? அவர் மரணத் துடக்குக் காத்துக்கொண்டிருந்தார். என் அக்காவுக்காக, எனக்கு முன்னால் இருந்து, எனக்குத் தெரியாமல். செத்த வீட்டுக்காரியாக அவர் மரக்கறி சாப்பிட்டுக்கொண்டு, செத்தவரின் கூடப்பிறந்தவனுக்கு வாத்துத் தட்டைத் தள்ளிவிட்டார். என் துக்கத்தை நான் அனுபவிக்க விடாமல், என் பங்கையும் சேர்த்து அவரே அனுபவித்தார். மற்றதையெல்லாம் ஒருநாள் மறக்கக்கூடும். அந்தக் கரட்டும் பூக்கோசும் போட்ட தட்டை நான் மறக்கமாட்டேன்.

தோட்டத்தில் என்னைப் படமெடுத்ததும் அவர்தான். கிண்ணம் கையில், வாயெல்லாம் பல். அந்தப் படத்தை நான் அங்கேயே நின்று, கல்வெட்டு வேலையில் எனக்கு உதவும் நண்பர்கள் குழுவுக்கு அனுப்பினேன். "பாப்பரசர்கள் குடித்த வைன்" என்று ஒரு வரியும் சேர்த்தேன். பதிலாக ஒவ்வொருவராகக் கும்பிட்ட கைப் படம் அனுப்பினார்கள். வழக்கமாக அவர்கள் இதற்கு நக்கலடித்துப் பத்து வரி எழுதியிருப்பார்கள். அன்று கும்பிட்ட கைகள் மட்டும். பகிடிக்கு வைனைக் கும்பிடுகிறார்கள் என்று நினைத்து மனைவிக்கும் காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பஸ் வெளிக்கிடப் போகுது வாங்கோ என்றார்.

சனிக்கிழமை அவினியோனில் இறங்கி, ஜெனீவாவில் மாறி, பீலில் மாறி, விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்தோம். எங்கள் தளத்தில் கதவுக்கு வெளியே சப்பாத்துகள். பத்துப் பதினைந்து சோடி இருக்கும். ஓய்வுக்கு விழா வைக்கிறார்களாக்கும் என்று எண்ணினேன். பையில் மூன்று போத்தல் வைன் கனத்தது. உள்ளே போனால் மகள், மனைவியின் உறவினர்கள், ஆராவிலிருந்து என் நண்பர். அவர் என்னைவிட மூத்தவர், அண்ணை என்று கூப்பிடுவேன். கல்வெட்டுப் புத்தகங்களுக்குப் படங்களை ஒழுங்குபடுத்தித் தருபவர்.

"முதல்ல சாப்பிடுங்கோ அப்பா," என்றாள் மகள்.

இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் குழம்பு. நான் மட்டும்தான் சாப்பிட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயணம் எப்படி என்று யாரோ கேட்டார்கள். நான் சொன்னேன். சொன்னேன் என்றால், சுருக்கமாக அல்ல. பாப்பரசர்கள் ஏன் உரோமை விட்டு அவினியோனுக்கு வந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கினேன். திராட்சைச் செடிகளின் அடியில் கிடக்கும் உருண்டைக் கற்கள் பகல் வெயிலை இரவில் எப்படித் திருப்பிக் கொடுக்கின்றன என்று விளக்கினேன். தொலைபேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினேன். வீடு நிறைந்த சனம் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் நான் வரலாறு சொல்லி இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கை கழுவி வந்து இருந்ததும் மகள் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அப்பா, ஒரு விசயம். யாழ்ப்பாண மாமி செவ்வாய்க்கிழமை இரவு..."

"எந்தச் செவ்வாய்?"

என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். அதன்பின் ஒரு கேள்வி மற்றதை இழுத்துக்கொண்டு வந்தது. மனைவியைப் பார்த்துக் கேட்டேன்.

"நீர் எப்ப அறிஞ்சனீர்?"

"புதன் காலமை."

"வருத்தம் எண்டு?"

"சனி இரவு மூச்சு முட்டு வந்ததாம். ஞாயிறு காலமை எங்கட மகள் சொன்னவள்."

"ஞாயிறோ? ஞாயிறு நான் எடுத்தனான். கோயிலுக்குப் போட்டா எண்டு எனக்குச் சொன்னவை."

நான் விடவில்லை.

"சனி இரவில இருந்து செவ்வாய் இரவு மட்டும் அக்கா கதைக்கக்கூடிய நிலையில இருந்தவவோ?"

"அப்பா, கேளுங்கோ," என்றாள் மகள். "உங்களுக்கு நெஞ்சில ஸ்டென்ட் வச்சு ரெண்டு வருசம் முடியேல்லை. நடுவழியில ஏதும் நடந்திருந்தால்? கப்பல்ல டொக்டர் இருக்கோ, ஸ்பிற்றால் இருக்கோ? நீங்கள் பிளைட் எடுத்திருந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டீங்கள்."

"நான் பிளைட் கேட்டனானோ? போன் கேக்கிறன். ஒரு போன்! என்ர பொக்கற்றுக்குள்ள கிடந்த போன்!"

"தம்பி, கோபப்படாதேங்கோ," என்றார் ஆராவ் அண்ணை. "எங்கட ஆக்கள் எல்லாரும் செய்யிறதுதானே. பயணம் போன ஆளுக்குச் சொல்லிறேல்லை. வந்து, சாப்பிட்டு, ஆறினாப் பிறகு..."

"அண்ணை, நீங்கள் எனக்குக் கும்பிட்ட கை அனுப்பினனீங்கள்."

அவர் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தார்.

மனைவிதான் கடைசியாகப் பேசினார். அழுதுகொண்டு. "இவ்வளவு வருசத்தில ஒருக்கால் நீங்கள் சந்தோசமா இருந்து கண்டன். அண்டைக்கு மேசையில சிரிச்சீங்கள். அதைக் குழப்ப எனக்கு மனம் வரேல்லை."

அன்பாம். எல்லாரும் இதற்கு வைத்திருக்கும் பெயர் அதுதான். எங்கள் சனத்தில் பயணத்தில் இருப்பவனுக்கு மரணம் சொல்லக்கூடாது, பசியோடு இருப்பவனுக்கு மரணம் சொல்லக்கூடாது, இதய நோயாளிக்குச் சொல்லக்கூடாது, சோதனை எழுதும் பிள்ளைக்குச் சொல்லக்கூடாது. கடைசியில், செத்தவருக்கு மிக நெருங்கியவர் யாரோ அவருக்குத்தான் செய்தி கடைசியாகப் போகிறது. தூரத்துச் சொந்தம் எல்லாம் அறிந்து, அழுது, மூக்குச் சிந்தி முடித்த பிறகு, கூடப்பிறந்தவனைக் கூப்பிட்டு இருத்தி, இடியப்பம் கொடுத்து, மெல்ல ஆரம்பிக்கிறார்கள்.

அம்மா இறந்த செய்தி எனக்குக் கடிதத்தில் வந்தது. உறையின் மேல் அக்காவின் எழுத்து. அது வந்து சேரும்போது முப்பத்தொன்றும் முடிந்திருந்தது. அதற்காக நான் யாரையும் கோபிக்கவில்லை. போர்க்காலம், தபால் ஓடவில்லை, அக்கா எழுதிய அன்றே போட்டார். தூரம் அன்று உண்மையாக இருந்தது. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொலைபேசி இருக்கிறது. இருந்தும் தூரம் வேண்டும்போது உட்கார்ந்து கலந்துபேசி அதைத் தயாரிக்கிறார்கள். இதற்கென்று ஒரு குழுவே திறந்திருந்தார்கள், என்னைத் தவிர்த்து, என் அக்காவைப் பற்றிப் பேச. மகளிடம் கேட்டு அந்தக் குழுவில் எழுதப்பட்டவற்றை வாசித்தேன். "அப்பா இப்ப மியூசியத்தில" என்று ஓரிடத்தில் இருக்கிறது. "நல்லாச் சாப்பிடுறார்" என்று மனைவி எழுதியிருக்கிறார். நோயாளிக்கு எழுதும் அறிக்கைபோல. யாழ்ப்பாணத்தில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது யார், இவர்கள் யாரைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்?

மறுநாள் ஞாயிறு காலை, வழக்கமாக அக்காவுக்கு எடுக்கும் நேரத்தில், மருமகளுக்கு எடுத்தேன். அவளை ஏசக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் எடுத்தேன். அவள் தாயை இழந்தவள்.

"அம்மா நல்ல நினைவோடதான் இருந்தவ மாமா. திங்கள் முழுக்கக் கதைச்சவ. 'தம்பி எடுத்தவனோ, தம்பி எடுத்தவனோ' எண்டு கேட்டுக்கொண்டிருந்தவ."

"நீ என்ன சொன்னனி?"

"கப்பல்ல சிக்னல் இல்லையாம் எண்டு சொன்னன்."

"ஆர் உன்னை அப்பிடிச் சொல்லச் சொன்னது?"

"ஒராள் எண்டில்லை மாமா. எல்லாரும் சேந்துதான்."

"பிறகு?"

"'அவனுக்கு ஒரு பஸ்ஸடிக் கதை சொல்ல வேணும். கரையில இறங்கின உடன எடுக்கச் சொல்லு' எண்டவ."

கரையில் இறங்கின உடன். அது கடற்கப்பல் அல்ல. ஆற்றில் ஓடும் கப்பல். இரண்டு பக்கமும் எப்போதும் கரை. நாயை நடத்திக்கொண்டு போகிறவர்கள் எங்களுக்குக் கை காட்டினார்கள், நாங்களும் காட்டினோம். காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் நான் கரையில் இறங்கினேன். சிக்னல் அறையில் இருந்தது, மேல்தளத்தில் இருந்தது, நிலவறையில்கூட இருந்தது.

"நீ அந்தக் கதை என்னெண்டு கேட்டனியோ பிள்ளை?"

"கேட்டன் மாமா. 'உனக்கில்லை, அது அவன்ர கதை' எண்டு சொல்லிப்போட்டா. பிறகு ஒக்சிஜன் போட்டவை. கனக்கக் கதைக்க விடேல்லை."

அது அவனுடைய கதை. எனக்கென்று அக்கா கடைசிவரை பத்திரமாக வைத்திருந்ததை, என்மேல் உள்ள அன்பால் எல்லாரும் சேர்ந்து எரித்துவிட்டார்கள்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியாழக்கிழமைப் படம் என் நண்பர்களின் குழுவிலிருந்து எப்படியோ வெளியே போயிருக்கிறது. ஆராவில் தமிழ்க் கடையில் காய்கறி தெரிவுசெய்துகொண்டு நிற்கும்போது, அலுமாரிக்கு மற்றப் பக்கத்தில் இரண்டு பெண்கள் கதைத்தார்கள். "தமக்கையின்ர உடம்பு வீட்டில கிடக்குது, இவர் பிரான்ஸில நிண்டு வைன் குடிச்சுப் படம் போடுறார். படிச்ச மனிசனாம்." நான் சுற்றிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நின்றேன். ஒருத்தி வெண்டிக்காயைப் பார்த்தாள். மற்றவள் "அண்ணை, எங்கட ஆழ்ந்த அனுதாபம்" என்றாள். தெரியாமல் குடித்தேன் என்று விளக்கம் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வந்துவிட்டேன். நான் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும்? மறைத்தவர்களிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அவர்களை நல்ல மனைவி, நல்ல பிள்ளை என்கிறார்கள்.

அக்காவின் கல்வெட்டை எழுதித் தரும்படி மருமகள் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். பிறந்த திகதி சரி, தபால் கந்தோரில் சேர்ந்த வருடம் சரி, எல்லாம் ஆவணம் பார்த்து எழுதினேன். ஒரு பிழையும் இல்லாத புத்தகம். நான் எழுதியவற்றுள் மிக மோசமானதும் அதுதான். தம்பியோடு கடைசியாக என்ன பேசினார் என்று எழுத அதில் ஒரு பந்தி விட்டிருந்தேன். பிறகு அந்தப் பந்தியை எடுத்துவிட்டேன்.

மூன்று போத்தலும் எங்கள் கட்டட நிலவறையில், சைக்கிளுக்குப் பின்னால் இருக்கின்றன. மகள் ஒருமுறை அவற்றை யாருக்காவது கொடுக்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். காரணம் எனக்கும் தெரியாது.

ஞாயிறுகளில் அந்த நேரம் வரும்போது மனைவி என் முன்னால் தேநீரை வைத்துவிட்டு அறையை விட்டுப் போய்விடுவார். நாங்கள் பேசாமல் இல்லை. மின்சாரக் கட்டணம், பேரப்பிள்ளையின் பிறந்தநாள் எல்லாம் பேசுகிறோம். இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஆறுதலாக முழுவதையும் வாசித்தார்.

"நான் செய்தது பிழை எண்டு நான் இன்னும் நினைக்கேல்லை," என்றார். "நாளைக்கு உங்களுக்கு நெஞ்சு நோ வந்தாலும் இதைத்தான் செய்வன். எண்டாலும் இப்பிடியே போடுங்கோ. அந்த மரக்கறித் தட்டு மட்டும்..." பிறகு, "இல்லை, அதுவும் இருக்கட்டும்" என்றார்.

அந்தக் காலத்தில் எங்கள் பஸ்ஸடிக்கு எதிர்வீட்டில் இருந்த பெண்மணி, அக்காவோடு படித்தவர், இப்போது கனடாவில் இருக்கிறார். அவரது எண்ணைத் தேடிப்பிடித்து எடுத்தேன். நினைவு தளர்ந்திருக்கிறது. "அண்டைக்கு உங்கட வீட்டில என்னவோ பிரச்சினை தம்பி. உங்கட அம்மா வெளியில வரேல்லை எண்டுதான் ஞாபகம். உங்கட அக்கா அம்மாவின்ர சீலையைச் சுத்திக்கொண்டு ஓடினவ... இல்லாட்டி அது வேற ஒரு நாளோ தெரியாது" என்றார். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுத்தபோது, அப்படித் தான் சொல்லவேயில்லை என்றார். இதை நான் சான்றாகக் கொள்ள முடியாது.

சரியான விடை தெரிந்த ஒருவர் செவ்வாய்க்கிழமை வரை உயிரோடு, நினைவோடு, என் அழைப்புக்குக் காத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்க எனக்கு இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது.

என் குடும்ப வரலாற்றின் முதல் பக்கத்தில், இரண்டாவது வாக்கியத்தின் கீழ், பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. நான் புறப்பட்ட அன்று பஸ்ஸடியில் மதிலோரம் நின்று கையசைத்தவர் யார் என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.